எல்லோருக்கும் கொடுப்பதா, ‘தகுதியானவர்களுக்கு’ மட்டுமா? ரேஷன் அரிசி முதல் உரிமைத் தொகை வரை

“கார் வச்சிருக்கிறவருக்கு எதுக்கு இலவச அரிசி? நான் கட்டுற டாக்ஸ்ல இதெல்லாம் தேவையா?” பட்ஜெட் நாளிலும் தேர்தல் அறிக்கை வெளியாகும் நாளிலும் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுக்களில் தவறாமல் வரும் கேள்வி இது. மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிக்கப்படுகிறவர் இப்படிக் கேட்பதில் தப்பும் இல்லை. ஆனால் பதில் தேடப் போனால் இன்னொரு கேள்வி குறுக்கே வந்து நிற்கும். கார் வைத்திருப்பவரை விலக்க ஒரு வடிகட்டி வைக்கிறோம் என்றால், அதே வடிகட்டியில் சைக்கிள்கூட இல்லாதவர் எத்தனை பேர் மாட்டிக்கொள்வார்கள்?

கொள்கை வகுப்பாளர்கள் இந்த இரண்டையும் இரண்டு வகைப் பிழைகள் என்பார்கள். தேவையில்லாதவருக்குப் போய்ச் சேர்வது ஒன்று. தேவையுள்ளவருக்குப் போகாமல் விடுவது இன்னொன்று. ஒன்றைக் குறைக்க வடிகட்டியை இறுக்கினால் மற்றது கூடும். நம் வாட்ஸ்அப் விவாதங்களில் முதல் பிழை மட்டும்தான் பேசப்படும். காரணம் எளிது. கார் வைத்திருப்பவர் ரேஷன் கடை வரிசையில் நிற்பது கண்ணுக்குத் தெரியும். பட்டியலில் பெயர் இல்லாதவர் வரிசைக்கே வரமாட்டார்.

முதலில் பணக் கணக்கு

‘தகுதியானவர்களுக்கு மட்டும்’ என்ற வாதத்தின் பலமே இதில்தான் இருக்கிறது. ஒரு மாநிலத்தில் 2 கோடி குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதம் 1,000 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 24,000 கோடி. அதில் பாதிப் பேருக்கு மட்டும் கொடுத்தால் 12,000 கோடி மிச்சம். அல்லது அதே 24,000 கோடியை வைத்துக்கொண்டு ஏழைப் பாதிக்கு மாதம் 2,000 கொடுக்கலாம். பணம் இருப்பவருக்கு 1,000 ரூபாய் ஒரு வார இறுதிச் செலவு. இல்லாதவருக்கு அது பாதி மாத மளிகை. பிறகு எதற்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்?

2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, அடிப்படை வருமானம் பற்றிய தனி அத்தியாயத்தில் இதே கணக்கை நாடு முழுவதற்கும் போட்டுப் பார்த்தது. ஒருவருக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய். மக்களில் 75 சதவீதம் பேருக்கு மட்டும் கொடுத்தாலே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.9 சதவீதம் ஆகும் என்றது. முழுமையாக எல்லோருக்கும் என்று சொல்ல அந்த அறிக்கைக்கே துணிச்சல் வரவில்லை. ஆக, காசு ஒரு பிரச்சினையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் இந்தக் கணக்கு எல்லாமே ஒரு விஷயத்தை நடந்து முடிந்ததாக எடுத்துக்கொள்கிறது: யார் அந்த ‘ஏழைப் பாதி’ என்று அரசுக்குத் தெரியும் என்பதை.

சட்டைகளை எண்ணிய கணக்கெடுப்பு

1997 ஜூனுக்கு முன்பு ரேஷன் என்பது, குறைந்தபட்சம் காகிதத்தில், நாடு முழுவதும் எல்லோருக்குமானது. அந்த மாதம் மத்திய அரசு அதை ‘இலக்கு நோக்கிய’ பொது விநியோகமாக மாற்றியது. வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. பிபிஎல், ஏபிஎல் என்ற எழுத்துகள் வீட்டுப் பேச்சுக்குள் நுழைந்தது அப்போதுதான்.

கோடு போடுவது சுலபம். ஆனால் இந்தக் குடும்பம் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று எப்படிச் சொல்வது? 2002-ல் நடந்த கிராமப்புறக் கணக்கெடுப்பு 13 கேள்விகள் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். எவ்வளவு நிலம், என்ன வீடு, கழிப்பறை உண்டா, கடன் இருக்கிறதா என்பதோடு, ஆளுக்கு எத்தனை உடுப்பு என்றும் ஒரு கேள்வி. இரண்டு சட்டை வைத்திருந்தால் ஒரு மதிப்பெண், ஆறு வைத்திருந்தால் வேறு மதிப்பெண். அண்ணன் கொடுத்த பழைய சட்டைகளை மடித்து வைத்திருக்கும் விவசாயக் கூலிக்கு அது வினையாக முடியலாம்.

விளைவு என்ன? 2004-05 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பைப் பார்த்தால், கிராமப்புற ஏழைக் குடும்பங்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் பிபிஎல் அட்டையே இல்லை. ஏழைகளுக்காக மட்டுமே போட்ட பட்டியலில் பாதி ஏழைகள் இல்லை! 2005-ல் திட்டக் கமிஷனின் மதிப்பீட்டுப் பிரிவு வெளியிட்ட அறிக்கையும் இதே கதைதான்: மானிய தானியத்தில் பாதிக்கும் மேல் உரிய குடும்பங்களுக்குப் போய்ச் சேரவில்லை, சுமார் 36 சதவீதம் வழியிலேயே காணாமல் போனது.

கொஞ்சம் வசதியுள்ளவர்களை விலக்கியதும் கடைக்கு என்ன ஆனது என்பதும் முக்கியம். ஏபிஎல் விலையை அரசு கொள்முதல் செலவு அளவுக்கு உயர்த்தியதும் அவர்கள் ரேஷன் கடைப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். கடைக்கு வியாபாரம் குறைந்தது. வரிசையில் நின்று ‘ஏன் எடை குறையுது?’ என்று சத்தம் போடக்கூடியவர்களும் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள், குரல் எழுப்பினால் அடுத்த மாதம் அட்டைக்கு என்ன ஆகுமோ என்று பயந்தவர்கள்.

கோட்டை ஏற்காத மாநிலம்

தமிழ்நாடு 1997-ல் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் அரிசி என்பதைத் தொடர்ந்தது. கூடுதல் செலவை மாநில பட்ஜெட் சுமந்தது. நடுவில் ஒருமுறை தடுமாறவும் செய்தது. 2000-களின் தொடக்கத்தில், மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பங்களின் அட்டைகளில் ‘ஹெச்’ முத்திரை குத்தி, ‘கௌரவ அட்டை’ என்று பெயர் வைத்து, பொருள்களை நிறுத்திப் பார்த்தது ஜெயலலிதா அரசு. 2004 மக்களவைத் தேர்தலில் அதிமுக ஒரு இடம்கூட ஜெயிக்காமல் போன பிறகு திரும்பப் பெறப்பட்ட முடிவுகளில் அதுவும் ஒன்று. 2011 ஜூனில் அதே ஜெயலலிதா ரேஷன் அரிசியை முழு இலவசமாக்கினார்.

அப்போ பணக்காரர்கள் எல்லாம் வாரிக்கொண்டு போகிறார்களா? இங்கேதான் அதிகம் பேசப்படாத ஒரு நுட்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரிசி அட்டை தவிர, அரிசிக்குப் பதில் கூடுதல் சர்க்கரை வாங்கும் அட்டையும், எந்தப் பொருளும் வேண்டாம் என்கிற அட்டையும் உண்டு. எது வேண்டும் என்பதைக் குடும்பமே சொல்கிறது. ரேஷன் அரிசி சாப்பிட விருப்பமில்லாதவர், வரிசையில் நிற்க நேரமில்லாதவர் தானாகவே ஒதுங்கிவிடுகிறார். அரசு யாருடைய சட்டையையும் எண்ண வேண்டியதில்லை.

பொருளாதார வல்லுநர்கள் ஜான் ட்ரேஸ், ரீதிகா கேரா இருவரும் 2011-12 புள்ளிவிவரங்களை வைத்துப் போட்ட கணக்கில், நாடு முழுவதும் ரேஷன் தானியத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் கசிந்தது. தமிழ்நாட்டில் அது சுமார் 12 சதவீதம். ‘எல்லோருக்கும்’ என்பது மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தனியார் முதலாளிகள் கையில் இல்லாமல் கூட்டுறவு சங்கங்கள் கடை நடத்துவதும் ஒரு காரணம். அட்டைகளின் எண்ணிக்கையைப் பெரிதாக விரிவுபடுத்திய சத்தீஸ்கரிலும் அதே காலத்தில் கசிவு வெகுவாகக் குறைந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

மதிய உணவும் இதே தர்க்கத்தில்தான் ஓடுகிறது. அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் சமைத்த உணவு தர வேண்டும் என்று 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, வருமானச் சான்றிதழ் கேட்கச் சொல்லவில்லை. ஒரே வகுப்பில் ‘நீ சாப்பிடு, நீ சாப்பிடாதே’ என்று எந்த டீச்சர் சொல்வார்?

உங்கள் வருமானம் தெரியும், மற்றவர் வருமானம்?

இதைப் படிக்கும் பலரிடம் ஃபார்ம் 16 இருக்கும். உங்கள் வருமானம் பைசா சுத்தமாக அரசுக்குத் தெரியும். அதனால் வருமானத்தை வைத்துத் தகுதி பார்ப்பது இயல்பான விஷயமாகத் தோன்றும். ஆனால் இந்தியாவில் ஆண்டுக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவர்கள் 8 கோடிக்கு மேல். அவர்களிலும் பெரும் பகுதியினர் கட்ட வேண்டிய வரி பூஜ்ஜியம். மீதி நாட்டின் வருமானம் எந்த ஆவணத்திலும் இல்லை. ஒரு பிளம்பருக்கு இந்த மாதம் 25,000 வரும், அடுத்த மாதம் 8,000 வரும். பெயின்டருக்கு மழைக்காலத்தில் வேலையே இருக்காது. அவருடைய ‘ஆண்டு வருமானம்’ என்பது வருவாய்த் துறை அலுவலகத்தில் பேசி முடிவாகும் ஒரு எண்.

எனவே ‘வருமான வரம்பு’ என்று சொல்லப்படுவது நடைமுறையில் வேறு எதையோ அளக்கிறது: மின்சார யூனிட், நிலப் பட்டா, வாகனப் பதிவு, பான் எண். இவை எல்லாமே நிழல்கள். நிழலை வைத்து ஆளின் உயரத்தைச் சொல்லலாம்தான், சூரியன் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்.

இந்தச் சோதனையில் சுலபமாகச் சிக்குபவர் யார்? சம்பளக்காரர். ரொக்கத்தில் வியாபாரம் செய்யும் கடைக்காரர் சிக்கமாட்டார். நேர்மையான காகிதம் வைத்திருப்பவர் வெளியே, வைத்திருக்காத வசதியானவர் உள்ளே, காகிதமே எடுக்கத் தெரியாத ஏழையும் வெளியே. வாட்ஸ்அப்பில் நியாயம் கேட்பவர் எதிர்பார்த்தது இதுவா?

சரிபார்ப்பு எவ்வளவு கொடூரமாக முடியலாம் என்பதற்கு ஜார்க்கண்ட் உதாரணம். 2017 செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருவர் இறந்தார். பட்டினி என்றது குடும்பம், மலேரியா என்றது அரசு. ஆதாருடன் இணைக்கப்படாததால் அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை ஏற்கெனவே ரத்தாகியிருந்தது. பிறகு கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார வல்லுநர்கள் அந்த மாநிலத்தின் 10 மாவட்டங்களில் ‘போலி’ என்று நீக்கப்பட்ட அட்டைகளை ஆராய்ந்தார்கள். நீக்கப்பட்டவற்றில் 10-க்கு 9 என்ற அளவில் உண்மையான குடும்பங்களுடைய அட்டைகள்.

அரிசி வேறு, ரொக்கம் வேறு

இதுவரை படித்துவிட்டு ‘அப்போ எல்லாத்தையும் எல்லோருக்கும் கொடுத்துடலாம்’ என்று முடிவுக்கு வந்தால் அதுவும் அவசரம். ரேஷன் அரிசியை வேண்டாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்றால், ஏசி காரில் போகிறவர் அதற்காக பஸ் ஏற மாட்டார். கிராமத்தில் யார் வந்து கேட்டாலும் வேலை என்று 2005-ல் சட்டமாக வந்த 100 நாள் திட்டத்தில், வெயிலில் மண் வெட்டத் தயாரா என்பதுதான் தகுதித் தேர்வாக இருந்தது. ஆனால் வங்கிக் கணக்கில் வந்து விழும் 1,000 ரூபாயை வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை. சுயமாக ஒதுங்குவது ரொக்கத்தில் வேலை செய்யாது.

அதனால்தான் சண்டையெல்லாம் ரொக்கத் திட்டங்களில் நடக்கிறது. 2021 தேர்தலில் திமுக சொன்னது குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய். 2023 பட்ஜெட்டில் அதற்கு முன்னால் ‘தகுதிவாய்ந்த’ என்ற ஒரு சொல் வந்து உட்கார்ந்தது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நஞ்சை 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின்சாரப் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள், வீட்டில் கார் இருக்கக் கூடாது. சுமார் 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள். 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது தேர்வானவர்கள் சுமார் 1.06 கோடி. மாநிலத்தில் ரேஷன் அட்டைகள் 2.2 கோடிக்கு மேல் என்பதால், எல்லோருக்கும் என்றால் செலவு இரு மடங்குக்கு மேல் போயிருக்கும். வரம்பு வைத்ததில் நிதியமைச்சகத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் மூன்று தலைமுறை ஒரே மீட்டரில் வாழும் வீட்டுக்கு 3,600 யூனிட் என்ன சொல்லும்? அது பெரிய குடும்பம் என்று சொல்லும், பணக்காரக் குடும்பம் என்று சொல்லாது.

மகாராஷ்டிரத்தில் வரிசை தலைகீழ். 2024 சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன் தொடங்கிய லாட்கி பஹின் திட்டத்திலும் 2.5 லட்சம் வரம்பு காகிதத்தில் இருந்தது. விண்ணப்பங்கள் மளமளவென்று ஏற்கப்பட்டன, மாதம் 1,500 ரூபாய் போனது. தேர்தல் முடிந்து ஆற அமர உட்கார்ந்து சரிபார்த்தபோது, சுமார் 26 லட்சம் பேர் தகுதியற்றவர்கள் என்று 2025 ஜூலையில் அரசே சொல்லித் தொகையை நிறுத்தியது. அந்தப் பட்டியலில் ஆண்களும் இருந்தார்கள்! தேர்தலுக்கு முன் எல்லோருக்கும், தேர்தலுக்குப் பின் தகுதியானவர்களுக்கு. எந்தக் கட்சியும் இதில் விதிவிலக்கு என்று சொல்ல முடியவில்லை.

பிஎம் கிசான் இன்னொரு பாடம். 2019 பிப்ரவரியில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று தொடங்கி, அந்த ஆண்டுத் தேர்தல் முடிந்ததும் எல்லா நில உடைமையாளர்களுக்கும் என்று விரிந்தது. வருமான வரி கட்டுபவர்கள் போன்ற சிலர் மட்டும் விலக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நுழைவுச் சீட்டு நிலப் பதிவு. குத்தகைக்கு உழுபவர், கூலி விவசாயி இருவருக்கும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் கிடையாது. ‘எல்லோருக்கும்’ என்ற சொல்லுக்குள்ளும் ஒரு வாசல் இருக்கிறது, அதில் யார் நிற்க முடியும் என்று பார்க்க வேண்டும்.

ஏழைகளுக்கு மட்டும் என்றால் எவ்வளவு கிடைக்கும்?

மிச்சமாகும் பணத்தில் ஏழைகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று மேலே பார்த்தோம் இல்லையா? அப்படிக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று முதியோர் பென்ஷனைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள, 80 வயதுக்குட்பட்ட முதியவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2000-களின் மத்தியில் நிர்ணயித்த தொகை, கடந்த 15 ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே நிற்கிறது. அகவிலைப்படி மாதிரி எதுவும் இதற்குக் கிடையாது. மாநிலங்கள் தங்கள் கையிலிருந்து சேர்த்துக் கொடுப்பதால்தான் அது ஒரு தொகையாகவே தெரிகிறது. அரசு ஊழியர் பென்ஷன் ஒரு மாதம் தாமதமானால் நாடே பேசும். இந்த 200 ரூபாய்க்காக எந்த சேனலில் விவாதம் நடந்தது?

வால்டர் கோர்ப்பி, யோக்கிம் பால்மே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998-ல் பணக்கார நாடுகளை ஒப்பிட்டு இதைத்தான் சொன்னார்கள்: ஏழைகளை மட்டும் குறிவைக்கும் நாடுகளில், மொத்தமாக ஏழைகளுக்குப் போகும் பணம் குறைந்துவிடுகிறது. நடுத்தர வர்க்கத்துக்கு அந்தத் திட்டத்தில் பங்கு இல்லை, எனவே அதைக் காப்பாற்ற ஆர்வமும் இல்லை. பின்னால் வந்த ஆய்வுகள் இது எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தாது என்று காட்டின. ஆனாலும் நம் 200 ரூபாய்க்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது கஷ்டம்.

பிரிட்டனில் அண்மையில் நடந்ததும் சுவாரஸ்யமானது. குளிர்காலத்தில் முதியவர்கள் எல்லோருக்கும் தரப்பட்ட எரிபொருள் உதவியை, 2024-ல் தொழிற்கட்சி அரசு மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. எதிர்ப்பு வலுத்ததும் 2025 ஜூனில் பின்வாங்கி, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு மேல் இருப்பவர்களிடம் மட்டும் வரி வழியாகத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, வசதியானவரிடம் வரியில் வாங்கிக்கொள்வது அழகான தீர்வு. ஆனால் வரி வலைக்குள் பெரும்பாலானோர் இருக்கும் நாட்டில்தான் அது முழுதாகச் சாத்தியம்.

சேர்க்கும் பட்டியலா, விலக்கும் பட்டியலா?

நம் நிலைமைக்கு ஒத்துவருவது என்று எனக்குத் தோன்றுவது இதுதான்: ஏழை யார் என்று தேடுவதை விட்டுவிட்டு, வசதியானவர் யார் என்று தேடலாம். வருமான வரி கட்டுபவர், நிரந்தர அரசு ஊழியர், ஜிஎஸ்டியில் பெரிய விற்றுமுதல் காட்டுபவர் ஆகியோரைப் பற்றிய தகவல் அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களைக் கழித்துவிட்டு மீதி எல்லோருக்கும் என்றால், தான் ஏழை என்று நிரூபிக்க யாரும் சான்றிதழ் தூக்கி அலைய வேண்டாம். நிரூபிக்க வேண்டிய பாரம் அரசு பக்கம் போய்விடும். சில வசதியான ரொக்க வியாபாரிகள் உள்ளே வரத்தான் செய்வார்கள். பாதி ஏழைகளை வெளியே விட்ட பட்டியலோடு ஒப்பிட்டால் அது சின்ன விலை.

மத்திய அரசும் சில இடங்களில் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2015-ல் சமையல் எரிவாயு மானியத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பிரச்சாரம் செய்து, 1 கோடிக்கும் மேற்பட்டோர் விட்டுக்கொடுத்தார்கள். அடுத்து, ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் வரி விதிக்கத்தக்க வருமானம் உள்ளவர்களுக்கு மானியம் நிறுத்தப்பட்டது. 2018-ல் 2011-ஆம் ஆண்டு சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, 2024 அக்டோபரில் 70 வயது தாண்டிய எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், விரிவாக்கப்பட்டது. வயதைச் சரிபார்ப்பது சுலபம். வசதியை அப்படிச் சரிபார்க்க முடியாது.

இதில் அடுத்த பெரிய திருப்பம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வரும். 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமங்களில் 75 சதவீதம், நகரங்களில் 50 சதவீதம் பேர் வரை என்று வரம்பு வைத்தது. ஆனால் எண்ணிக்கை 2011 கணக்கெடுப்பில் உறைந்து நிற்கிறது: 81.35 கோடி. அதற்குப் பின் பிறந்தவர்கள், கல்யாணமாகித் தனிக்குடும்பம் ஆனவர்கள், ஊர் மாறியவர்கள் எல்லோரும், யாராவது நீங்கினால்தான் உள்ளே வர முடியும். இதனால் 10 கோடிக்கும் மேற்பட்டோர் வெளியே நிற்கிறார்கள் என்று ட்ரேஸும் கேராவும் 2020-லேயே மதிப்பிட்டார்கள். இன்றைக்கு மக்கள்தொகை 140 கோடியைத் தாண்டிவிட்டது. நாட்டுச் சராசரியான 67 சதவீதத்தைக் கணக்கிட்டாலே 94 கோடிக்கு அருகில் வரும்.

புதிய கணக்கெடுப்புக்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அந்த எண்கள் வெளியானதும் 81.35 கோடி மாற வேண்டும். கூடுதலாக வரும் அந்தக் கோடிக்கணக்கானவர்கள் யார் என்று அடையாளம் காண விதிமுறை வகுக்கும் அதிகாரத்தைச் சட்டம் மாநிலங்களிடம்தான் விட்டிருக்கிறது. வருமானச் சான்றிதழ் கேட்பதா, வரி கட்டுபவரைக் கழித்துவிட்டு மீதி எல்லோரையும் சேர்ப்பதா என்பதை ஒவ்வொரு மாநில அரசும் தனித்தனியாக முடிவு செய்யும்.